ஆண்டுதோறும் 36 டாலர் தருபவருக்கு எப்படி நன்றி சொல்வது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்காவில் ஒரு யூதப் பல்கலைக்கழகத்தின் நன்கொடை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஆண்டுதோறும் பணம் தருகிறவர்களைக் கௌரவிக்க ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தொகைவாரியாக வெள்ளி, தங்கம், வைரம் என்று படி போட்டு எடுத்துக்கொண்டு போனீர்கள். கூட்டத்தில் இருந்த ஒரு பேராசிரியர், “பெயர் தெரியாமல் கொடுப்பதுதான் எங்கள் மரபில் உயர்ந்தது, மைமோனிடிஸே சொல்லியிருக்கிறார்” என்றதும் திட்டம் அப்படியே நின்றுவிட்டது. இப்போது, பெயர்ப் பட்டியல் போடலாமா கூடாதா, போட்டால் எத்தனை டாலரிலிருந்து போடுவது என்று கேட்கிறீர்கள். எனக்கு அதில் இன்னொரு கேள்வியும் கேட்கிறது. வேறு மரபில் பிறந்து வளர்ந்த நான், நன்றி சொல்லப்போய் இவர்களைச் சங்கடப்படுத்திவிடுவேனோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நல்ல பயம். அதை மனதில் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

பல்கலைக்கழக நன்கொடை அலுவலகங்களில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அதில் ஏழு ஆண்டுகள் ஒரு யூத நிறுவனத்தில். நான் ரப்பி (யூத மதகுரு) கிடையாது, வரி வழக்கறிஞரும் கிடையாது. யூதச் சட்டம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் கூட வேலை பார்த்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது. உங்கள் வளாகத்திலேயே கேட்டுச் சரிபார்க்க ஆள் இருப்பார்கள், தயங்காமல் கேளுங்கள்.

முதலில் அந்தப் பேராசிரியர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னது உண்மை, ஆனால் பாதிதான். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராக வாழ்ந்த மைமோனிடிஸ் (அலுவலகத்தில் எல்லோரும் ‘ராம்பாம்’ என்பார்கள்) தன் ‘மிஷ்னே தோரா’ என்ற சட்டத் தொகுப்பில் கொடைக்கு எட்டுப் படிகள் வகுத்தார். மிக உயர்ந்த படி மறைவாகக் கொடுப்பது அல்ல. ஒருவன் இனிமேல் யாரிடமும் கை நீட்டாத நிலைக்கு அவனைக் கொண்டுவருவதுதான்: கடன் கொடுத்து, கூட்டாகத் தொழில் தொடங்கி, வேலை வாங்கித் தந்து. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருப்பது இரண்டாவது படி. அதற்குப் பழைய எருசலேம் ஆலயத்தில் இருந்த ஓர் அறையை அவர் எடுத்துக்காட்டுகிறார். நல்லவர்கள் மறைவாக வந்து அங்கே பணத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள், வாழ்ந்து கெட்ட குடும்பத்தார் மறைவாக வந்து எடுத்துக்கொள்வார்கள். இந்த எட்டுப் படிகளையும் சேர்த்துப் படித்தால் ராம்பாமின் கவலை எங்கே இருக்கிறது என்று புரியும். வாங்குகிறவன் வெட்கப்படக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. கொடுப்பவர் பெயர் மறைவது பெரும்பாலும் அதற்காகத்தான்.

அப்படியானால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதில் வெட்கப்பட யார் இருக்கிறார்கள்? நூலகக் கட்டடம் வெட்கப்படாது. இந்தக் கேள்வி புதிதும் அல்ல. பார்சிலோனாவில் 1310 வரை வாழ்ந்த ஷ்லோமோ பென் அதெரெத் என்ற பெரிய சட்ட அறிஞரிடம் (ரஷ்பா என்பார்கள்) ஒரு வழக்கு வந்தது. ஒருவர் சமூகத்துக்கு இடம் கொடுத்துவிட்டு வாசலில் தன் பெயரைப் பொறிக்க விரும்பினார். அதற்கு ஆட்சேபம் எழுந்தது. பொறிக்கலாம் என்று ரஷ்பா தீர்ப்புச் சொன்னார். நல்ல காரியம் செய்தவர்களின் பெயரை யூத வேதமான தோராவே எழுதி வைத்திருக்கிறது, நாமும் அப்படிச் செய்யலாம் என்பது அவர் வாதம். 16-ஆம் நூற்றாண்டில் கிராகோவ் நகரத்து மோசஸ் இஸர்லெஸ் இதை ‘ஷுல்ஹான் ஆருக்’ சட்ட நூலுக்கான தன் குறிப்புகளில் சேர்த்துவிட்டார். கொடுத்ததைப் பற்றித் தற்பெருமை பேசக் கூடாது, ஆனால் ஒரு பொருளை அறத்துக்கு அர்ப்பணித்தவர் நினைவுக்காகத் தன் பெயரை அதில் எழுதலாம், எழுதுவது தகும் என்கிறது அந்தக் குறிப்பு. ஆகவே பெயர்ப் பட்டியலுக்கு மரபில் இடம் உண்டு. இதை உறுதியாகச் சொல்லலாம். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேராசிரியரிடம் பணிவாக ரஷ்பாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் மகிழ்ச்சியாகப் பேசுவார், உங்களுக்கு ஒரு நண்பரும் கிடைப்பார்.

ஆனால் அவர் எச்சரிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது வேறொரு இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. உங்கள் பல்கலைக்கழகத்திலும் வாங்குகிற மனிதர் ஒருவர் இருக்கிறார், உதவித்தொகை பெறும் மாணவர். நன்கொடையாளர் விருந்தில் அந்தப் பெண்ணையோ பையனையோ மேடையேற்றி, “உங்கள் பணம் இல்லாவிட்டால் நான் இங்கே படித்திருக்கவே முடியாது” என்று பேச வைப்பது அமெரிக்கா முழுவதும் நடக்கிறது. நானும் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒருமுறை பேசி முடித்த மாணவி கீழே இறங்கியதும் முகத்தைக் கழுவப் போனவள், விருந்து முடியும்வரை கூடத்துக்குள் வரவில்லை. அவளுடைய வகுப்புத் தோழர்களில் சிலர் அன்றைக்கு விருந்து பரிமாறும் வேலையில் இருந்ததை நான் யோசிக்கவே இல்லை. ராம்பாம் சொன்ன வெட்கம் அதுதான். அதன்பிறகு மாணவர்களைத் தாங்கள் படிப்பதைப் பற்றி, ஆய்வைப் பற்றி, ஆசிரியரைப் பற்றி மட்டும் பேசச் சொன்னேன். யாருக்கு உதவித்தொகை கிடைக்கிறது என்பதைச் சொல்லவே மாட்டோம். கேட்கிறவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் மாணவர் தனியுரிமைச் சட்டமும் இருக்கிறது. மாணவரின் நிதியுதவி விவரத்தை அவர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்காமல் நன்கொடையாளருக்குச் சொல்ல முடியாது. சம்மதம் வாங்கினாலும், மறுக்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவரிடம் வாங்கிய சம்மதம் அது என்பதை மறக்காதீர்கள்.

சரி, எத்தனை டாலரிலிருந்து? குறைந்தபட்சத் தொகையே வேண்டாம் என்பது என் பதில். ஏன் என்று சொல்ல ஒரு கதை சொல்ல வேண்டும்.

எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ‘ஹய்’ என்றால் உயிர், வாழ்வு. ஹெத் என்ற எழுத்துக்கு 8, யூத் என்ற எழுத்துக்கு 10, ஆக 18. நாம் மொய்யில் 100-க்குப் பதில் 101 வைப்பது போல அவர்கள் 18-இன் மடங்கில் கொடுப்பார்கள். 18, 36, 54, 180, 360, 1,800 என்று போகும். இது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தெரிந்தது கைக்கு வரவில்லை. அச்சுச் செலவு கூடிவிட்டது என்று ஓர் ஆண்டு கௌரவப் பட்டியலின் கீழ் வரம்பை 25 டாலரிலிருந்து 50 டாலராக உயர்த்தினேன். வழக்கமான முடிவு, யாரும் எதிர்க்கவில்லை. பட்டியல் வெளிவந்து இரண்டு வாரம் கழித்து ஒரு முதியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். 27 ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் 36 டாலர் காசோலை அனுப்புகிறவர். குரலில் கோபமே இல்லை. தன் காசோலை தபாலில் தொலைந்துவிட்டதோ என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். நான் வரம்பு மாறியதை விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: “36 என்றால் இரண்டு உயிர். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு. 50 கொடுக்க என்னால் முடியும். ஆனால் 50 என்பது எனக்கு வெறும் 50.”

அன்றைக்கு மாலை தரவுத்தளத்தில் தேடினேன். அந்த ஒரே வரம்பினால் நான் வெட்டியெறிந்தவர்களில் பெரும்பாலோர் 36 டாலர்காரர்கள். பலர் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தருகிறவர்கள். எந்த எண்ணில் அவர்களுடைய பக்தி இருந்ததோ அந்த எண்ணுக்கு மேலே கோடு போட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு பட்டியலில் தொகையை எடுத்துவிட்டு, பெயருக்குப் பக்கத்தில் எத்தனை ஆண்டுகளாகத் தருகிறார் என்பதை மட்டும் போட்டோம். 27 என்று போட்டிருந்த அந்தப் பக்கத்தை மூத்த பட்டதாரிகள் பலர் பாராட்டி எழுதினார்கள். நீங்களும் தொகைப் படிகளை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் 100, 500, 1,000 என்று வைக்காமல் 180, 360, 1,800, 3,600 என்று வையுங்கள். ஆண்டு எண்ணிக்கைக்கு 10, 25 மட்டும் போதாது, 18-ஆம் ஆண்டையும் 36-ஆம் ஆண்டையும் கொண்டாடுங்கள். 18-ஆம் ஆண்டில் ஒருவருக்குக் கையால் எழுதிய கடிதம் போனால் ஏன் வந்தது என்று அவருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

தொகையைவிட எண்ணிக்கையை மதிப்பதற்கு இந்த மரபிலேயே ஒரு பழைய ஆண்டு நன்கொடை இருக்கிறது. ஆலயத்துக்கு ஆளுக்கு அரை ஷெக்கல். பணக்காரன் கூட்டக் கூடாது, ஏழை குறைக்கக் கூடாது என்று தோராவில் யாத்திராகமத்தின் 30-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆலயம் இருந்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் எபிரேய நாட்காட்டியின் அதார் மாதம் முதல் தேதி இதற்கான அறிவிப்பு வரும் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட மாதத்தில் நினைவூட்டல் அனுப்பும் நம் அலுவலகங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். அங்கே எல்லோரும் ஓர் ஆள் என்றுதான் எண்ணப்பட்டார்கள். ஆண்டு நன்கொடைப் பட்டியல் அந்த அரை ஷெக்கலின் பக்கம் சாய்ந்திருக்கட்டும். பெருங்கொடைக்குக் கட்டடமும் பெயர்ப்பலகையும் வேறு இடத்தில் இருக்கின்றன.

அடுத்து நான் சொல்லப்போவதை எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. ஆனால் உங்களுக்கு மிகவும் பயன்படும். யூதர்கள் பெற்றோர் இறந்த நாளை எபிரேய நாட்காட்டியின்படி நினைவுகூர்வார்கள். ‘யார்ட்ஸைட்’ என்பார்கள். நமக்குத் திதி போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஆண்டு நகரும். அன்றைக்கு மெழுகுவத்தி ஏற்றுவதும் அறக்கொடை கொடுப்பதும் வழக்கம். உங்கள் ஆண்டு நன்கொடையாளர்களில் கணிசமானோர் அந்த நாளில்தான் தருவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நிதியாண்டோ பெரும்பாலும் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. இரண்டும் எங்கே மோதும் என்று பாருங்கள். ஒருவருடைய தாயார் இறந்தது எபிரேய மாதமான தம்முஸ் 9-ஆம் தேதி என்று கொள்வோம். அது 2022-இல் ஜூலை 8 அன்று வந்தது. 2023-இல் ஜூன் 28. 2024-இல் ஜூலை 15. 2025-இல் ஜூலை 5. மகன் ஒரு திதியையும் விடாமல் காசோலை அனுப்புகிறார். ஆனால் 2022 ஜூலையில் தொடங்கிய நிதியாண்டில் அவருடைய நன்கொடை இரண்டு விழுகிறது. 2023 ஜூலையில் தொடங்கிய நிதியாண்டில் ஒன்றுகூட இல்லை. மென்பொருள் என்ன செய்யும்? அவரை ‘விட்டுப்போனவர்’ என்று குறிக்கும், தொடர் ஆண்டுக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். அதோடு, “உங்களைக் காணாமல் வருந்துகிறோம்” என்று ஒரு கடிதத்தையும் தானாக அனுப்பும். தாய்க்காக முப்பது ஆண்டுகள் தவறாமல் கொடுத்தவருக்கு அந்தக் கடிதம் போனால் எப்படி இருக்கும்! எனவே ஆண்டுத் தொடர்ச்சியைக் கணக்கிடும்போது எபிரேய ஆண்டின்படியும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த நான்கு நன்கொடைகளும் 5782, 5783, 5784, 5785 என்று வரிசையாக உட்கார்ந்துவிடும். எபிரேயத் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தரவுத்தளத்தில் யார்ட்ஸைட்டுக்கு ஒரு தனிக் கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்து, அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். பணம் கேட்கும் வரி அதில் இருக்கக் கூடாது, காசோலை அனுப்புவதற்கான உறையும் வைக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருந்திருக்கிறேன், நீங்களும் இருங்கள்.

இவர்கள் எல்லாம் உங்கள் பழைய மாணவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யூதப் பல்கலைக்கழகங்களின் தனித்தன்மை இது. 1948-இல் மாசசூசெட்ஸில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 107 மாணவர்களோடு தொடங்கியபோது அதற்குப் பட்டதாரி ஒருவர்கூட இல்லை. மற்ற பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் பழைய மாணவர்களிடம் ஆண்டுதோறும் கேட்கும், இவர்கள் யாரிடம் கேட்பது? முதல் தலைவர் ஏப்ரம் சாக்கர், அங்கே படிக்காமலேயே ஆதரித்தவர்களுக்கு ‘வளர்ப்புப் பட்டதாரிகள்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அதே ஆண்டு பாஸ்டன் பகுதிப் பெண்கள் எட்டுப் பேர் தொடங்கிய ஒரு குழு, நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. நாடு முழுவதும் கிளைகள் பரவின. சந்தா கட்டினார்கள், பழைய புத்தகங்களைச் சேகரித்து விற்றார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தாங்களே கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல பெரிய பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று மறைமுகமாக வரம்பு வைத்திருந்தன. அதை நேரில் பட்ட தலைமுறைக்கு ஆண்டுச் சந்தா வெறும் சந்தாவாக இருந்திருக்காது. நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்துக்கும், 1925-இல் திறக்கப்பட்ட எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கும் இதே மாதிரி ‘நண்பர்கள்’ உண்டு. எபிரேயப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க நண்பர்களில் பலர் அந்த வளாகத்தை வாழ்நாளில் ஒரு தடவைதான் பார்த்திருப்பார்கள், சிலர் அதுவும் இல்லை. இவர்களைக் கௌரவிக்கும்போது, ‘உங்கள் பழைய வகுப்பறை’ என்ற ரீதியில் எழுதிய கடிதம் கொஞ்சமும் பொருந்தாது. பட்டதாரிக்கு ஒரு கடிதம், வளர்ப்புப் பட்டதாரிக்கு வேறு கடிதம் என்று பிரித்து எழுதுங்கள்.

கௌரவித்தால் நன்கொடை கூடுமா என்று உங்கள் மேலதிகாரி நிச்சயம் கேட்பார். இங்கேதான் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கின்றன. பெயர் பொதுவில் வரும் என்றால் மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஒரு சட்டக் கல்லூரிக்கு வந்த நன்கொடைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியான ஆய்வில், பட்டியலின் ஒவ்வொரு படியும் தொடங்கும் தொகையிலேயே நன்கொடைகள் குவிந்திருந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவை அமைப்பு ஒன்றில் டீன் கார்லனும் மார்கரெட் மெக்கானலும் நடத்திய தொலைபேசிச் சோதனையில், பெயர் அச்சாகும் என்று சொன்னபோது கொடுத்தவர்கள் கூடினார்கள். பரிசுப் பொருளின் கதை வேறு. கொடுத்தால் பேனா தருகிறோம், பை தருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் நன்கொடை குறையவும் செய்கிறது என்று 2012-இல் நியூமனும் ஷென்னும் காட்டினார்கள். இன்னொன்று எனக்கே வியப்பாக இருந்தது. நன்றி சொல்லித் தொலைபேசியில் அழைப்பது அடுத்த ஆண்டு நன்கொடையைக் கூட்டும் என்று எங்கள் துறையில் எல்லோரும் சத்தியம் செய்வோம். லட்சக்கணக்கான நன்கொடையாளர்களை வைத்து, பெரும்பாலும் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களில் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில் அந்த அழைப்புகளால் எந்தப் பலனும் தென்படவில்லை. அந்த அழைப்புகள் நன்கொடை வந்து பல மாதம் கழித்து, யாரென்றே தெரியாதவர்கள் எழுதி வைத்ததைப் படித்த அழைப்புகள். பெயரும் முகமும் தெரிந்தவர் கூப்பிட்டால் வேறு மாதிரி இருக்கும் என்பது என் நம்பிக்கை. நம்பிக்கைதான், நிரூபணம் இல்லை. மேலே நான் சொன்ன ஆண்டு எண்ணிக்கை முறையும் அப்படித்தான். பார்த்ததைச் சொல்கிறேன், சோதனை வைத்து அளந்ததில்லை. உங்கள் மேலதிகாரியிடம் இதை இப்படியே சொல்லிவிடுங்கள். நன்றி சொல்வது கடமை என்பதால் செய்கிறோம், வருமானம் கூடினால் சந்தோஷம் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

பட்டியலின் பெயர்களுக்கு வருகிறேன். பாதி மனவருத்தம் இங்கேதான் பிறக்கிறது. இறந்தவர் பெயருக்குப் பின்னால் ஸயின், லாமெத் என்ற இரண்டு எபிரேய எழுத்துகள் போடுவார்கள். அவர் நினைவு ஆசியாகட்டும் என்று பொருள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சுருக்கம். அது விட்டுப்போனால் குடும்பத்துக்கு வலிக்கும். உயிரோடு இருப்பவருக்குப் போட்டுவிட்டாலோ சொல்லவே வேண்டாம். அதேபோல ஒருவர் நினைவாகத் தரும் நன்கொடை, ஒருவரைப் பாராட்டித் தரும் நன்கொடை இரண்டுக்கும் அட்டைகள் அச்சடித்து வைத்திருப்பீர்கள். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் இன்றைக்கே ஒன்றின் நிறத்தை மாற்றுங்கள். கணவன் மனைவி இருவரில் மனைவிதான் உங்கள் பட்டதாரி, காசோலை கணவர் கணக்கிலிருந்து வருகிறது என்றால் மென்பொருள் கணவர் பெயரைத்தான் முன்னால் போடும். மகளிர் கல்லூரி உள்ள நிறுவனத்தில் இது அடிக்கடி நடக்கும். யார் படித்தாரோ அவர் பெயர் முன்னால் வரட்டும். ரப்பி, டாக்டர் என்ற பட்டங்களையும் விடாதீர்கள். ஒருவரே இரண்டுமாக இருப்பார், ‘ரப்பி டாக்டர்’ என்று இரண்டையும் எழுதுவது அங்கே இயல்பு.

நாள் பார்ப்பது பற்றி நீங்கள் ஓரளவு தெரிந்துவைத்திருப்பீர்கள். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாள், அப்போது அழைப்பு, மின்னஞ்சல், நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். விழாக்கள் முந்தைய மாலையே தொடங்கிவிடும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். ஆலயம் இடிந்ததற்குத் துக்கம் காக்கும் கோடைக்கால மூன்று வாரங்களில் இசையோடு விருந்து வைக்காதீர்கள். யூதப் புத்தாண்டுக்குத் தேன் அனுப்பினால், யூத உணவு விதிக்கு ஏற்றது என்று காட்டும் கோஷர் முத்திரை இருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். எபிரேய, ஆங்கிலத் தேதிகள் இரண்டும் உள்ள நாட்காட்டி அனுப்பினால் ஓராண்டு முழுக்கச் சுவரில் தொங்கும். நான் அனுப்பியவற்றில் அதற்குத்தான் அதிக நன்றி வந்தது.

ரசீது விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 250 டாலரோ அதற்கு மேலோ வந்தால், நன்கொடையாளர் வரிவிலக்குக் கோருவதற்கு நீங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புகை தர வேண்டும். பதிலுக்கு ஏதாவது கொடுத்தீர்களா இல்லையா என்பதும் அதில் இருக்க வேண்டும். விருந்துக்கு 180 டாலர் வாங்கி, சாப்பாட்டின் மதிப்பு 100 என்றால் விலக்கு 80-க்குத்தான். அவர் செலுத்தியது 75 டாலரைத் தாண்டுவதால் அதை நீங்களே எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்புறம் டோனர் அட்வைஸ்டு ஃபண்ட். பணத்தை முன்பே ஒரு பொது அற நிதியில் போட்டுவிட்டு, இதற்குக் கொடுங்கள் என்று அவ்வப்போது பரிந்துரைக்கும் முறை. யூதச் சமூகத்தில் இது மிகப் பரவலாக இருக்கிறது. காசோலை அந்த நிதி நிறுவனத்திடமிருந்து வருவதால் மென்பொருள் அதன் பெயரில் வரவு வைக்கும், மனிதர் பட்டியலில் காணாமல் போவார். அவர் பெயருக்குத் தனியாக மரியாதை வரவு வையுங்கள், மனமார நன்றி எழுதுங்கள். ஆனால் வரி ரசீது அவருக்கு அனுப்பாதீர்கள், அவர் ஏற்கெனவே விலக்குப் பெற்றுவிட்டார். அந்தப் பணத்தைக் கொண்டு விருந்துச் சீட்டும் தரக் கூடாது. பட்டியலில் பெயர் போடுவதில் தவறில்லை. சிக்கலான இடங்களில் உங்கள் சட்டப் பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம் என்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காக நன்கொடைப் படிவத்திலேயே ஒரு கட்டம் வையுங்கள். கட்டத்தைக் குறித்தவர் பெயர் விருந்தில், இதழில், இணையத்தில் எங்கேயும் வரக் கூடாது. நன்றிக் கடிதம் மட்டும் போக வேண்டும். 2024-இல் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு 100 கோடி டாலர் கொடுத்த ரூத் காட்ஸ்மன், கல்லூரிக்குத் தன் பெயரை வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். யெஷிவா பல்கலைக்கழகத்தின் கீழ் 1955-இல் தொடங்கிய கல்லூரி அது, இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இல்லை. ஐன்ஸ்டைன் பெயரே போதும் என்பது அவர் எண்ணம். அப்படிச் சொல்கிறவர்கள் 36 டாலர் கொடுப்பவர்களிலும் இருக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. பட்டியலின் கடைசியில் இவர்களுக்காக ஒரு வரி வைக்கலாம். அதற்கு எரிகோவில் அகழ்ந்தெடுத்த பழைய தொழுகைக் கூடத்தின் தரையில் அழகான முன்மாதிரி இருக்கிறது. மொசைக்கில் அரமேயத்தில் பதித்த கல்வெட்டு. பணம் கொடுத்த பெரியவர், சிறியவர் எல்லோரும் நன்மைக்காக நினைக்கப்படட்டும் என்று வேண்டுகிறது. தனித்தனிப் பெயர் ஒன்றும் இல்லை. அவர்கள் பெயரும் அவர்கள் பிள்ளைகள் பெயரும் கடவுளுக்குத் தெரியும், அவரே வாழ்வின் புத்தகத்தில் எழுதுவார் என்கிறது. எங்கள் பட்டியலின் கடைசி வரியை இந்தக் கருத்தை ஒட்டித்தான் எழுதினோம். வளாகத்து ரப்பி சொல்லைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பட்டியலைத் திரையில் பார்த்துத் திருத்தாதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் போன ஆண்டுப் பட்டியலில் கைவைத்துப் பாருங்கள். நாலாயிரம் பெயருக்கு எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. சமூகத்தில் நீண்ட நாள் பழகிய மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரையே படிக்கச் சொல்லுங்கள். எங்களிடம் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இருந்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயரில் நிறுத்தி, “இவர் பெசாஹ் பண்டிகைக்கு முன்னால் தவறிவிட்டார்” என்றார். எங்கள் தரவுத்தளத்துக்கு அது தெரியாது. பென்சிலால் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்துகளைப் போட்டுவிட்டு, அடுத்த பெயரைப் படித்தார்.